நீதியைச் செப்பில் வரைந்த கல்லோ

போர்ப்புகழ் பாடியோர் உலகிற் பலர். போரினால் எளியோர் எய்தும் துயரை எழுதிக் காட்டியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ழாக் கல்லோ என்னும் செப்புத்தகட்டு ஓவியர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இன்று பிரான்சில் அடங்கியுள்ள லொரேன், அந்நாளில் தனி நாடு. அதன் தலைநகராகிய நான்சியில் 1592-ஆம் ஆண்டு கல்லோ பிறந்தார். தந்தையார் அரசவைக் கட்டியக்காரர். இளமையிலேயே இத்தாலி சென்ற கல்லோவைப் புளோரன்ஸ் நகரத்தை ஆண்ட இரண்டாம் கோசிமோ ஆதரித்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, திராவகத்தால் அரிக்கச் செய்வது அக்கலையின் வழக்கம். மெழுகு உதிர்ந்து கோடு கெடுவது கண்ட கல்லோ, நரம்புக்கருவி செய்வோர் பூசும் கெட்டி வார்னிஷைக் கையாண்டார். அதனால் மயிரிழை போன்ற கோடுகளும் பிசகாது பதிந்தன. 1621-இல் கோசிமோ மறைந்தபின் கல்லோ தாயகம் மீண்டார்.

1633-இல் அவர் வெளியிட்ட போரின் பெருந்துயரங்கள் என்னும் வரிசையில் 18 படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்திற்கும் குறைவே. படைக்கு ஆள் சேர்த்தல், போர், உழவர் மனையைச் சூறையாடல், ஊரைக் கொளுத்தல் என அவை தொடர்கின்றன. பின்னர்க் கொள்ளையிட்ட சிப்பாய்கள் பிடிபடுகின்றனர். ஒரு பெருமரத்தில் பலர் ஒருங்கே தூக்கிலிடப்பட்டுத் தொங்க, அதனடியில் முரசின்மேற் சூதாட்டம் நிகழ்கின்றது. இறுதிப் படத்தில் அரசன் கொலுவீற்றிருந்து நல்வீரர்க்குப் பரிசளிக்கின்றான்.

நீதி நிறைவேறிற்று என்று அமைய நம் உள்ளம் ஒருப்படவில்லை. அக்காலப் படைகளிற் சிப்பாய்க்குரிய கூலி காலத்தில் கிட்டுவது அரிது. இல்லாத ஆளுக்கும் பெயரெழுதிப் பணம் பெற்ற தலைவர்களும் இருந்தனர். பசித்தவன் கொள்ளையிட்டான், அவனே தூக்கிலும் தொங்கினான். பொய்க்கணக்கு எழுதியவன் தண்டனையுறும் படமோ, வீடிழந்த உழவன் ஈடு பெறும் படமோ அவ்வரிசையில் இல்லை. ஏடும் கணக்குமாய் வாழும் நம்மனோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஏட்டிலே புகும் பொய் எங்கோ ஓர் ஏழையின் கூரையை எரித்துவிடுமன்றோ!

அவ்வாண்டே பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி நான்சியைக் கைப்பற்றினார். முன்னர் அம்மன்னரின் முற்றுகை வெற்றிகளைத் தகட்டில் வரைந்தளித்தவர் கல்லோ. ஆயினும் தம் ஊரின் வீழ்ச்சியை வரையப் பணித்தபோது, அதனினும் பெருவிரலை இழத்தல் நன்றென மறுத்தார் என்பது வழிவழிச் செய்தி.

1635 மார்ச்சு 24-இல் கல்லோ நான்சியிலேயே காலமானார். அவர் விட்டுச் சென்ற படங்கள் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டன. அளவிற் சிறிய அப்படங்களை உற்று நோக்குவார்க்கு, தண்டனை வேறு, நீதி வேறு என்பது தெற்றென விளங்கும்.