விண்ணைக் கனவுகண்ட ஆதர் சி. கிளார்க்

1917 இல் இங்கிலாந்திற் பிறந்த ஆதர் சி. கிளார்க் இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1937 ஜனவரி 3 ஆம் நாள் லீட்ஸ் நகரில் அறிவியற் புனைகதை அன்பர்கள் கூடிய மாநாட்டிற்குப் பத்தொன்பது வயது இளைஞராய்ச் சென்றார். உலகின் முதல் மாநாடெனப் பலரும் கொள்ளும் அவ்வவைக்கு வந்தோர் மிகச் சிலரே. விண்வெளிப் பயணம் பலருக்கு நகைப்புக்குரியதாயிருந்த காலம் அது.

புவிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைநிறுத்தும் செய்மதிகளாற் செய்தி பரப்பலாம் என 1945 இல் எழுதினார். பின்னர் அது மெய்யாயிற்று. 1956 இல் இலங்கையிற் குடியேறி, திருக்கோணமலைக் கடலடியிற் கோணேசர் ஆலயச் சிதைவுகளை ஆராய்ந்தார். 2008 இல் கொழும்பில் மறைந்தார். மறுஆண்டு உலக அறிவியற் புனைகதை மாநாடு நமது மொன்றியல் துறைமுகத்துக்கு அண்மையிலே கூடியது.

ஊர்பிரிந்த நாம் தொலைபேசியில் தாயின் குரல் கேட்டுக் கண்கலங்கிய நாட்களில், அக்குரலைச் சுமந்துவந்தவை செய்மதிகளே. மாணவச் செல்வங்களே, சிலரே கூடும் அவையைச் சிறிதென எண்ணாதீர்கள். நம் தமிழ் வகுப்பும் அத்தகையதே.