சத்தியப் பிரமாணமும் மனச்சான்றும்

படைவீரனுக்கு அழகு கீழ்ப்படிதல் என்பர். ஆனால் ஆணையிடும் தலைவனே கொலைஞனாகிவிட்டால் வீரன் என்ன செய்வது? எந்த வேளையில் எதிர்த்து எழுவது? இக்கேள்விகளுக்குத் தம் உயிரையே விடையாக அளித்த ஒருவரின் வாழ்க்கையை இங்குக் காண்போம். அவரே ஜெர்மானியப் படை அதிகாரி கிளாஸ் வான் ஸ்டாஃபன்பர்க்.

1907ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பவேரியாவிலுள்ள யெட்டிங்கன் என்னும் ஊரில், பிரபுக் குடும்பமொன்றில் பிறந்த இவர் கத்தோலிக்கராக வளர்ந்தார். கவிதையிலும் இசையிலும் மிகுந்த நாட்டம் கொண்டிருந்தார். எனினும் 1926இல் பாம்பர்க் நகரக் குதிரைப்படையில் சேர்ந்தார். 1933இல் நீனா என்னும் நங்கையை மணந்தார்.

அதே ஆண்டில்தான் ஹிட்லர் ஆட்சிப் பீடம் ஏறினார். 1934 ஆகஸ்டில் படைவீரர் அனைவரும் கடவுளைச் சாட்சியாக வைத்துப் புதியதொரு சத்தியப் பிரமாணம் செய்ய நேர்ந்தது. நாட்டுக்கோ சட்டத்துக்கோ அன்று. ஹிட்லர் என்னும் தனி மனிதருக்கே நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவதாக அவர்கள் உறுதி கூறினர்.

ஸ்டாஃபன்பர்க் தொடக்கத்திலேயே ஹிட்லரை எதிர்த்தவர் அல்லர். நாடு வலிமை பெறுவது கண்டு மகிழ்ந்தவர். போலந்திலும் பிரான்சிலும் போர் புரிந்தவர். 1939இல் உறவினர் ஒருவர் எதிர்ப்பணிக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். அவர் கண்களைத் திறந்தது 1942ஆம் ஆண்டு. கிழக்குப் போர்முனைக்குப் பின்னால் யூத மக்கள் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றிக் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவதை அறிந்தார். போர்க் கைதிகள் பட்டினியால் மடிவதையும் அறிந்தார். ஹிட்லரை அகற்ற வேண்டும் என்று மூத்த தளபதிகளிடம் வற்புறுத்தினார். அவர்களோ பிரமாணத்தைக் காரணம் காட்டித் தயங்கினர்.

1943 ஏப்ரலில் துனீசியாவில் எதிரி விமானங்கள் தாக்கியதில் இடக்கண்ணையும், வலக்கையையும், இடக்கையில் இரு விரல்களையும் இழந்தார். உடல் தேறியதும் பெர்லினில் பணியேற்று, இரகசியமாகச் செயல்பட்டுவந்த குழுவில் இணைந்தார். உள்நாட்டுக் கலகத்தை அடக்குவதற்கென வகுக்கப்பட்டிருந்த ‘வால்கியூர்’ திட்டத்தை ஹிட்லர் ஆட்சியை வீழ்த்தும் திட்டமாக அவர்கள் மாற்றியமைத்தனர். 1944 ஜூலையில் சேமப்படைத் தலைமையகத்தில் உயர் பதவி கிட்டியதால், ஹிட்லரை நேரில் அணுகும் வாய்ப்பு ஸ்டாஃபன்பர்க்கிற்கு வந்தது. கொலை பாவம் என்பதை அறிந்த அவருக்கு இம்முடிவு எளிதாக இருந்திருக்குமா? ஆனால் கைகட்டி நிற்பதும் கொலைக்குத் துணைபோவதே என்று அவர் உணர்ந்தார்.

1944 ஜூலை 20ஆம் நாள், கிழக்குப் பிரஷ்யாவிலிருந்த ஹிட்லரின் பாசறைக்குச் சென்றார். எஞ்சிய மூன்று விரல்களால், தமக்கெனச் செய்யப்பட்ட இடுக்கியைக் கொண்டு வெடிகுண்டைத் தயார் செய்தார். இடையூறு நேர்ந்ததால் இரண்டு பொதிகளில் ஒன்றை மட்டுமே ஆயத்தம் செய்ய முடிந்தது. கைப்பெட்டியை ஹிட்லரின் அருகே வைத்துவிட்டு வெளியேறினார். குண்டு வெடித்தது, நால்வர் மாண்டனர். தடித்த மேசைக்கால் மறைத்ததால் ஹிட்லர் பிழைத்துக்கொண்டார்.

விமானத்தில் பெர்லின் திரும்பிய ஸ்டாஃபன்பர்க் இரவுவரை போராடினார். ஆனால் முயற்சி முறிந்தது. நள்ளிரவுக்குப் பின் தோழர் மூவருடன் தலைமையக முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36. அண்ணன் பெர்த்தோல்டு ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார். கருவுற்றிருந்த நீனா சிறைப்பட்டார். பிள்ளைகள் நால்வரும் பெயர் மாற்றப்பட்டு ஒரு விடுதியில் அடைக்கப்பட்டனர். ஐந்தாவது குழந்தை 1945 ஜனவரியில், தாய் காவலில் இருக்கும்போதே பிறந்தது.

போருக்குப் பின்னரும் பலர் அவரைத் துரோகி என்றே தூற்றினர். 1952இல் பிரவுன்ஷ்வைக் நகர நீதிமன்றம், ஜூலை 20 வீரர்கள் துரோகிகள் அல்லர் என்று கூறியது. குற்றம் புரியுமாறு இடப்படும் ஆணைக்குப் படைவீரர் கீழ்ப்படியலாகாது என்று 1956ஆம் ஆண்டின் ஜெர்மானியப் படைவீரர் சட்டம் விதித்தது.

அப்படியாயின், எழ வேண்டிய வேளை எது? கடவுளின் பெயரால் செய்த பிரமாணம் கடவுளின் கட்டளையை மீறுமாறு எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே மாசற்றவர்களைக் கொல்லும் ஆணை பிறந்த அன்றே அந்த வேளையும் வந்துவிட்டது. தளபதிகள் தயங்கிய காலத்தில் இலட்சக்கணக்கான உயிர்கள் மடிந்தன. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதருள் பெரும்பாலோர் 1944 ஜூலைக்கு முன்பே மாண்டுவிட்டனர். ஸ்டாஃபன்பர்க்கின் துணிவை நாம் போற்றுவோம். அவரது தாமதத்திலிருந்தும் பாடம் கற்போம். தோழியரே, நம் கையில் வாளும் இல்லை, படையும் இல்லை. ஆயினும் அநீதியைக் கண்டவுடனே அதற்கு உடன்பட மறுக்கும் மனச்சான்று நம் எல்லோரிடமும் உண்டு. அது பேசும்போது காலம் தாழ்த்தாது செவிசாய்ப்போமாக.