9 ஜெர்மன் கார்களை ஒற்றை ஆளாக ஜெயித்த நுவோலாரி!

ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு 500 குதிரைத்திறன்னு கேட்டதுமே நமக்கு வாய் பிளந்துடும். ஆனால், ஜெர்மனியின் நர்பர்க்ரிங் ட்ராக்கில் காசு கட்டி சொந்த காரை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். நேர் பாதையில் சீறிய காஸ்ட்லி கார் வளைவில் தடுமாறும். பழகின கை ஓட்டும் சின்ன கார் அதைச் சுலபமா தாண்டிப் போயிடும். காரா, டிரைவரா? இந்தச் சண்டைக்கு அதே ட்ராக்கில் 1935-லேயே பதில் சொன்னவர், டாட்ஸியோ நுவோலாரி.

கட்டோடு ஜெயித்தவர்

இத்தாலியில் மான்டுவா நகரத்துக்குப் பக்கத்து ஊரில் 1892-ல் பிறந்தார். குள்ள உருவம், ஒல்லி உடம்பு. பந்தயத்துக்கு வந்ததே 27 வயதில்தான், அதுவும் பைக்கில். 1925-ல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் மோன்ஸா ட்ராக்கில் தன் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னது. கார் பாதையை விட்டுப் பாய்ந்தது, பலத்த அடி. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மனுஷன் கேட்கலை! பைக்கில் உட்காரும் வாக்கிலேயே உடம்புக்குக் கட்டுப்போடச் சொல்லி, சில நாள்களில் அதே மோன்ஸாவில் பைக் ரேஸை ஜெயித்தார்.

பழைய கார், புது ராட்சதர்கள்

1935 ஜூலை 28, ஜெர்மன் கிராண்ட் ப்ரீ. ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கும் மேல், மொத்தம் 22 சுற்றுகள். எதிரே 5 மெர்சிடிஸ், 4 ஆட்டோ யூனியன். ஹிட்லர் அரசு பணம் கொடுத்து வளர்த்த கார்கள். நுவோலாரியிடம் இருந்ததோ 1932-ல் அறிமுகமான ஆல்ஃபா பி3. பவரில் குறைந்தது 100 குதிரைத்திறன் கம்மி.

நேர் பாதையில் அவர்களைத் துரத்த முடியாது. வளைவுகளில்தான் வித்தை. நான்கு சக்கரங்களும் லேசாகச் சறுக்க, வேகத்தை விடாமல் காரைத் திருப்பினார். பாதிப் பந்தயத்தில் அவர்தான் முதலிடம். அப்போது பெட்ரோல் போட நின்றால், பம்ப் மக்கர் பண்ணியது. கேன்களில் ஊற்றி முடிக்க 2 நிமிடம் 14 விநாடி. வெளியே வந்தபோது ஆறாவது இடம்!

மறுபடியும் ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்தவர் மெர்சிடிஸ் டிரைவர் மன்ஃப்ரெட் ஃபான் ப்ராவ்கிட்ச் மட்டும்தான், சுமார் அரை நிமிட இடைவெளியில். நுவோலாரி கொடுத்த நெருக்கடியில் தேய்ந்த டயரை மாற்ற நிற்காமலே ஓடிய அவரது காரின் பின் டயர், கோட்டைத் தொடுவதற்குச் சில கிலோமீட்டர் முன்பு வெடித்தது. நுவோலாரி பாய்ந்து ஜெயித்தார். ஜெர்மனிக்காரர்கள் நிறைந்திருந்த மைதானம் ஒரு நொடி வாயடைத்து, பிறகு கைதட்டியது.

அதிர்ஷ்டம்னு சொல்லலாம். ஆனால், அந்த டயரைத் தேய வைத்ததே அவர் கொடுத்த பிரஷர்தானே!

நல்ல கார் கிடைத்தபோது...

கார் முக்கியமே இல்லையா? அப்படியும் இல்லை. 1938-ல் அவரே ஆட்டோ யூனியனில் சேர்ந்தார். இன்ஜின் பின்னால் இருந்த அந்த முரட்டு கார், பல டிரைவர்களைத் திணறவைத்தது. அதில் அந்த ஆண்டே மோன்ஸா, டோனிங்டன் என இரண்டு கிராண்ட் ப்ரீ வெற்றிகள். கை தேர்ந்தவரிடம் பவர் சேர்ந்தால் என்ன ஆகும்னு அப்போ தெரிந்தது.

வாழ்க்கை மட்டும் அவரிடம் கருணை காட்டலை. இரண்டு மகன்களையும் இளம் வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தார். எரிபொருள் புகையால் அவர் உடம்பும் கெட்டது. ஆனாலும் 57 வயது வரை ஓட்டினார். 1953 ஆகஸ்ட் 11-ல் காலமானபோது, அவர் ஆசைப்படியே ரேஸ் உடையில் அடக்கம் செய்தார்கள்.

குதிரைத்திறனை ஷோரூமில் வாங்கிடலாம் பாஸ். எங்கே பிரேக் பிடிக்கணும், எங்கே காலை எடுக்கணும் என்பதைச் சுற்றுச் சுற்றா ஓட்டித்தான் வாங்கணும். அதுவும் ட்ராக்கில் மட்டும், ரோட்டில் வேண்டாம்!