புள்ளியியல் மேதை மகலனோபிஸ்

கல்கத்தாவில் பிறந்த ஒருவரைப் பற்றிப் புதுவைக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தையார் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆலை மூடப்பட்டதும் வாசலில் இருந்த தேநீர்க் கடை போயிற்று. மிதிவண்டி பழுதுபார்த்தவரும் கடையைக் கட்டினார். ஒரு தொழில் சாய்ந்தால் கூடவே எவையெவை சாயும் என்பதை எண்களால் கணிக்க முடியும் என்று புள்ளியியல் வகுப்பில் அறிந்த நாளில்தான் இப்பெரியாரின் பெயர் என் மனத்தில் பதிந்தது.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29-ஆம் நாள் பிறந்தார். இயற்பியல் பயின்று 1913-இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். விளைவு, அங்கேயே கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! நம் இராமானுஜன் அங்கே அவருக்கு நண்பரானார். கம்பளிகளுக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கிய கணித மேதைக்கு, கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் இவரே.

ஊர் திரும்பும் வேளையில் ஆசிரியர் ஒருவர் காட்டிய பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழ் அவர் வாழ்வைத் திருப்பியது. கப்பலிலேயே அதன் தொகுதிகளைப் படித்தார். இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் அவர் முயற்சியே.

1950-களில் அவரது கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு உள்ளீடு–வெளியீட்டு அட்டவணைகள் உருவாயின. லியோன்டிப் என்ற அறிஞர் அமெரிக்காவுக்கு வகுத்த முறை அது. பெயர்தான் பயமுறுத்தும், செய்தி எளிது. பஞ்சு, நிலக்கரி, துணி எனத் தொழில்களை வரிசையிலும் பத்தியிலும் எழுத வேண்டும். துணியின் வரிசையில் போனால் துணி யார் யாரிடம் போகிறது என்று தெரியும். பத்தியில் இறங்கினால் அதை நெய்ய எது எது எவ்வளவு தேவை என்று தெரியும்.

1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படை வகுத்தவரும் மகலனோபிஸே. முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் தொழில்களுக்குப் போக வேண்டும் என்றார். துணி போன்றவற்றைப் பெரிதும் கைத்தறியும் குடிசைத் தொழிலும் தரட்டும், அதனால் பலருக்கு வேலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆலைத் தொழிலாளியின் மகனாகிய எனக்கு இதில் சிறு மனத்தாங்கல் உண்டு. ஆனால் கைத்தறியாளனும் நம் ஆள்தானே!

அவர் மாதிரியின் பெருங்குறை வேறு. அயல்நாட்டு வணிகம் அதில் இடம்பெறவில்லை. 1957-இல் நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. இக்குறையைப் புதுவைக்காரன் எளிதில் உணர்வான். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இங்கே அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி செனகலுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினர். அப்பிசின் ஐரோப்பாவில் துணிக்கு அச்சிடப் பயன்பட்டது. மூன்று கண்டங்கள், ஒரே சங்கிலி! ஒரு நாட்டின் அட்டவணைக்குள் இது அடங்குமா? நாடுகளின் அட்டவணைகளை ஒன்றோடொன்று தைத்த உலக அட்டவணை, இந்தியா உட்பட 40 நாடுகளுடன் 2012-இல் வெளிவந்தது.

அதைக் காண மகலனோபிஸ் இல்லை. 1972 ஜூன் 28 அன்று, பிறந்தநாளுக்கு முதல் நாள், மறைந்தார். அவர் பிறந்தநாளே 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நான் குறிப்பேட்டில் வரைந்த கட்டங்களைத் தந்தையாரிடம் காட்டினேன். தறி எங்கே என்று கேட்டார், காட்டினேன். தேநீர்க் கடை எங்கே என்றார். உணவு விடுதிகள் என்ற கட்டத்தில் விரல் வைத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கடைக்கு இன்னும் நாற்பது ரூபாய் பாக்கி இருப்பதாகச் சொன்னார்.