தன் நெஞ்சுக்கு வழி கண்டவர்

மருத்துவம் பயிலும் என் நெஞ்சில் நிலைத்துவிட்ட பெயர் வெர்னர் ஃபோர்ஸ்மன். அவர் வரலாற்றை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

1904இல் பெர்லினில் பிறந்தார். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். 1929இல் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தார். துடிக்கும் இருதயத்தைத் தொடவே மருத்துவர் அஞ்சிய காலம் அது. கையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய ரப்பர்க் குழாயை இருதயம் வரை செலுத்தலாம் என்றார் அவர். மேலதிகாரி இசையவில்லை. கெர்டா டிட்சன் என்ற நர்ஸ் தம்மையே சோதனைக்குத் தர முன்வந்தார். அவரை மேஜையில் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் குழாயைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார்! குழாயோடு படியிறங்கி எக்ஸ்-ரே அறைக்கு நடந்தார். திரையைப் பார்த்தவாறே சுமார் 65 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினார். நுனி இருதயத்தை அடைந்தது, படமும் சான்றாயிற்று.

புகழ் வந்ததா? இல்லை, ஏளனமே வந்தது. இருதயத்தை விட்டுச் சிறுநீரக மருத்துவத்துக்குச் சென்றார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கறையை நான் மறைக்க மாட்டேன். போரில் சிறைப்பட்டு மீண்டு, நாட்டுப்புற வைத்தியராக வாழ்ந்தார். அவர் கண்ட வழியை நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் செப்பனிட்டனர். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1979இல் மறைந்தார்.

1958இல் அமெரிக்க மருத்துவர் மேசன் சோன்ஸ் செலுத்திய குழாய், தற்செயலாக இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் நாளத்தில் புகுந்தது. சாயமும் பாய்ந்தது, நோயாளியோ பிழைத்தார். ஆஞ்சியோகிராம் அதிலிருந்து வளர்ந்தது.

1994இல் டில்லியில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் மாற்று இருதயம் பொருத்தி வெற்றி கண்டனர்; சென்னையிலும் இன்று அது நடைபெறுகிறது. ஆனால் புது இருதயத்தின் நாளச் சுவர்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தடிக்கக்கூடும். மாற்றும்போது நரம்புகள் அறுபடுவதால், பலருக்கு நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையே வருவதில்லை. வலி பேசாதபோது படமே பேசவேண்டும். ஆஞ்சியோகிராம் நாளத்தின் உள்வழியைத்தான் காட்டும். சுவர் நெடுகிலும் ஒரே சீராகத் தடித்தால் அது ஏமாறலாம். ஆகவே குழாய் நுனியில் செவிக்கெட்டாத ஒலியலையை அனுப்பிச் சுவரையே அளக்கின்றனர்.

அந்தக் குழாய்களுக்கெல்லாம் மூத்தது, ஓர் இளைஞர் தம் கையில் செலுத்திய குழாய். அவர் அரசியலை நாம் ஏற்க வேண்டா. பிறர் உடலுக்கு முன் தம் உடலை வைத்த அந்தத் துணிவை மறக்கவும் வேண்டா!