கொய்யாத் தோட்டத்தில் எழுந்த நகரம்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் புளோரிடா மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியில் குளிர் குறைவு, வெயில் அதிகம். அங்கே மியாமி நகரத்தை ஒட்டி, கடற்கரை ஓரமாக அமைந்த ஊர் கோரல் கேபிள்ஸ்.

பணக்காரர்கள் வாழும் ஊர் அது. அகலமான சாலைகள், இரு பக்கமும் நிழல் மரங்கள், ஓடு வேய்ந்த அழகான வீடுகள், கடல் வரை செல்லும் கால்வாய்கள். அந்தக் கால்வாய்க் கரைகளில், வீட்டு வாசலில் கார் நிற்கும். கொல்லைப்புறத்தில் படகு நிற்கும்!

இந்த ஊர் தானாக வளர்ந்தது அல்ல. முதலில் தாளில் வரைந்து, பிறகு தரையில் கட்டப்பட்டது. கட்டியவர் பெயர் ஜார்ஜ் மெர்ரிக். கோடிக்கணக்கான டாலர் அவர் கையில் புரண்டது. ஆனால் அவர் இறந்தபோது மிஞ்சிய சொத்து 400 டாலர்கூட இல்லை!

பாதிரியார் மகன்

மெர்ரிக், 1886-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை சாலமன் மெர்ரிக், கிறிஸ்தவப் பாதிரியார். தாயார் பெயர் அல்தியா. ஓவியம் தீட்டத் தெரிந்தவர்.

பிறகு அந்தக் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசித்தது. அங்கே குளிர் கடுமை. தொண்டை அடைப்பான் நோய் கண்டு, ஜார்ஜின் தங்கை இறந்து போனாள். பெற்றோர் மனம் உடைந்தனர். வெயில் அடிக்கும் இடத்துக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தனர்.

1899-ம் ஆண்டில் சாலமன் புளோரிடாவில் 160 ஏக்கர் நிலம் வாங்கினார். விலை 1,100 டாலர். நிலத்தை நேரில் பார்க்காமலே வாங்கினார்! அவரும் 13 வயது ஜார்ஜும் முதலில் புறப்பட்டுப் போனார்கள். மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

போய்ப் பார்த்தால் பைன் மரக் காடு. கொஞ்சம் தோண்டினால் பாறை. தந்தையும் மகனும் காட்டை வெட்டினார்கள். "கிரேப் புரூட்" மரம் நட்டார்கள். பம்பளிமாசு போன்ற பழம் அது. மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காய்கறியும் கொய்யாவும்தான் கை கொடுத்தன.

கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு, சிறுவன் ஜார்ஜ் மியாமிக்குப் போவான். விற்றுவிட்டுத் திரும்புவான். வழி நெடுகக் கவிதை புனைவான்.

பவளக் கல் வீடு

பழ மரங்கள் காய்த்தன. பணம் வந்தது. சொந்த நிலத்தில் வெட்டி எடுத்த கல்லால் பெரிய வீடு கட்டினார்கள். அது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். ஊரார் அதைப் பவளக் கல் என்றார்கள். வீட்டின் கூரை முகப்பு முக்கோண வடிவம். பவளத்துக்கு ஆங்கிலத்தில் "கோரல்"; அந்த முகப்புக்குக் "கேபிள்". ஆகவே வீட்டுக்குக் "கோரல் கேபிள்ஸ்" என்று பெயர் வைத்தார்கள்.

ஜார்ஜ் கல்லூரிக்குப் போனார். பின்னர் சட்டம் படிக்க நியூயார்க் சென்றார். எழுத்தாளர் ஆகவேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் தந்தை நோயில் விழுந்தார். மகன் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். 1911-ம் ஆண்டில் தந்தை காலமானார். குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

தோட்டத்தை அவர் பல மடங்கு பெருக்கினார். 1916-ம் ஆண்டில் யூனிஸ் பீக்காக் என்ற பெண்ணை மணந்தார். 1920-ம் ஆண்டில் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, தோட்டத்தையே நகரமாக்கும் வேலையில் இறங்கினார்.

தாளில் ஒரு நகரம்

அந்தக் காலத்தில் புளோரிடாவில் மனை விற்பவர்கள் ஏராளம். சதுப்பு நிலத்தைக்கூடச் சொர்க்கம் என்று சொல்லி விற்றவர்கள் உண்டு. மெர்ரிக் அப்படிச் செய்யவில்லை. மனைக்கு முன்னால் சாலை போட்டார். மரம் நட்டார். நகரத்துக்குக் கல்லால் நுழைவாயில்கள் கட்டினார்.

தாய்மாமன் டென்மன் பிங்க் ஓவியர். நகரத்தின் அழகுக்கு அவர் பொறுப்பு. ஸ்பெயின் நாட்டுப் பாணியில் வீடுகள் எழுந்தன. யாரும் தம் விருப்பம்போல் வீடு கட்ட முடியாது. வீட்டின் வரைபடத்துக்கு முதலில் அனுமதி பெற வேண்டும்.

வீட்டுக்குக் கல் எடுத்த இடம் பெரிய பள்ளமாகக் கிடந்தது. அதையும் அவர் வீணாக விடவில்லை. 1924-ம் ஆண்டில் அது நீச்சல் குளம் ஆயிற்று. 8 லட்சம் காலன் தண்ணீர் பிடிக்கும் குளம்!

1921-ம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ந் தேதி முதல் மனைகள் ஏலத்துக்கு வந்தன. பிறகு கூட்டம் பெருகியது. வெளியூர்களிலிருந்து பஸ்களில் ஆட்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு மூன்று முறை போட்டியிட்ட பிரையன், சம்பளம் வாங்கிக்கொண்டு குளக்கரையில் நின்று ஊரைப் புகழ்ந்து பேசினார்! 1925-ம் ஆண்டில் ஊர் நகரசபை ஆயிற்று. மனைகளை ஏலம் போட்ட டாமர்ஸ்தான் முதல் மேயர்.

கடல் ஆசை

முதலில் நகரம் கடலைத் தொடவில்லை. மெர்ரிக்குக்கு அது குறையாகப்பட்டது. கடன் வாங்கிக் கடல் வரைக்கும் நிலம் வாங்கினார். கால்வாய்கள் வெட்டினார். ஒரு கோடி டாலர் செலவில், வானுயர்ந்த கோபுரத்துடன் "பில்ட்மோர்" ஓட்டல் எழுந்தது. பல்கலைக் கழகத்துக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். 50 லட்சம் டாலர் தருவதாகவும் வாக்களித்தார்.

மனை வாங்கியவர்கள் தவணையில்தான் பணம் கட்டி வந்தார்கள். அந்தத் தவணையை நம்பியே எல்லாச் செலவும் நடந்தது. தவணை நின்றால் எல்லாம் நிற்கும்.

அதுதான் நடந்தது. 1925-ம் ஆண்டின் கடைசியில் ரெயில்வே கம்பெனி கட்டடச் சாமான்களை ஏற்ற மறுத்தது. அடுத்த ஜனவரியில் மியாமித் துறைமுகத்தின் வாயிலில் ஒரு கப்பல் கவிழ்ந்து வழியை அடைத்தது. கல்லும் மரமும் வந்து சேரவில்லை. விலை ஏறியது. வாங்குவோர் குறைந்தனர்.

1926-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ந் தேதி பெரும் புயல் அடித்தது. மியாமி வட்டாரமே நாசமாயிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மனை வாங்கியவர்கள் பயந்து தவணையை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் பல்கலைக் கழகம், கட்டி முடியாத ஒரு ஓட்டலில் தொடங்கியது. மெர்ரிக் வாக்களித்த பணம் முழுவதும் வரவே இல்லை.

எல்லாம் போயிற்று

மெர்ரிக் தம் சொந்தச் சொத்தைப் போட்டு நகரத்தைத் தாங்கப் பார்த்தார். முடியவில்லை. 1928-ம் ஆண்டில், அவர் உண்டாக்கிய நகரசபையே அவரை விலக்கியது. அடுத்த ஆண்டு கம்பெனி திவாலாயிற்று. தாயாரும் குடும்பத்தாரும் வசித்த பவளக் கல் வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைக்க வேண்டிய நிலை வந்தது.

மெர்ரிக்கும் யூனிசும் கடல் தீவு ஒன்றில், மீன் பிடிக்க வருவோருக்காக ஒரு விடுதி நடத்தினார்கள். 1935-ம் ஆண்டுப் புயல் அதையும் வாரிக்கொண்டு போயிற்று.

1940-ம் ஆண்டில் அவர் மியாமி போஸ்ட் மாஸ்டர் ஆனார். 1942-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந் தேதி, 55-வது வயதில் காலமானார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

நிழலும் உண்டு

மெர்ரிக்கின் கதையில் மறைக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. பஹாமாத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள் இந்த ஊரின் கட்டட வேலைகளில் பாடுபட்டார்கள். ஆனால் ஊரின் மனைப் பத்திரங்களில், வெள்ளையர் தவிர மற்றவர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. கறுப்பின மக்கள் குடியிருக்க ஒரு சிறு பகுதி மட்டும் தனியே ஒதுக்கப்பட்டது.

மெர்ரிக் அதோடு நிற்கவில்லை. 1937-ம் ஆண்டில், கறுப்பினக் குடும்பங்கள் எல்லோரையும் மியாமி நகர எல்லைக்கு வெளியே குடியேற்ற வேண்டும் என்று யோசனை கூறினார். தம் குடும்பத்துக்கு நல்ல இடம் தேடி வந்த பாதிரியாரின் மகன், பிறருடைய குடும்பங்களை அப்புறப்படுத்த எண்ணினார்!

1948-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமல் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1968-ம் ஆண்டுச் சட்டம், வீடு விற்பதில் இன பேதம் காட்டுவதைத் தடை செய்தது.

இன்று கோரல் கேபிள்சில் சுமார் 50 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். கடலோரத்தில் உள்ள மாளிகைகள் அமெரிக்காவிலேயே விலை உயர்ந்த வீடுகளைச் சேர்ந்தவை. பல்கலைக் கழகம் பெரிதாக வளர்ந்துவிட்டது. பவளக் கல் வீடு காட்சிசாலையாக இருக்கிறது. பள்ளத்தில் பிறந்த குளத்தில் இன்றும் குழந்தைகள் நீந்துகிறார்கள்.

மெர்ரிக் போட்ட வீதிகள் நிலைத்துவிட்டன. மனைப் பத்திரத்தில் எழுதிய நிபந்தனை செல்லாமல் போயிற்று. கொய்யா விற்ற அந்தச் சிறுவன் வண்டி ஓட்டிய மண்ணில், இன்று எந்த இனத்தவரும் வீடு வாங்கலாம். பணம் மட்டும் நிறைய வேண்டும்!