மனதை உடலில் தேடிய மருத்துவர்

கவலை வந்தால் வயிறு கலங்குகிறது. கோபம் வந்தால் தாடை இறுகுகிறது. நாம் அன்றாடம் காணும் இந்த உண்மையைச் சிகிச்சையாக மாற்ற முயன்றவர் வில்ஹெல்ம் ரைக்.

1897-ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் கலீசியா பகுதியில் பிறந்தார். 13 வயதில் தாயையும், 17 வயதில் தந்தையையும் இழந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, வியன்னாவில் மருத்துவம் படித்தார். மாணவராக இருந்தபோதே, 1920-ல், சிக்மண்ட் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினரானார்.

மற்ற மருத்துவர்கள் நோயாளி சொல்வதைக் கேட்டார்கள். ரைக் அவர் உட்காரும் விதத்தையும் மூச்சு விடும் விதத்தையும் கவனித்தார். அடக்கிவைத்த துக்கமும் பயமும் தசைகளில் இறுக்கமாகத் தங்கி, ஒரு கவசம்போல் ஆகிவிடுகின்றன என்றார். 1930-களில் நார்வேயில் இருந்தபோது, மூச்சையும் தசைகளையும் தளர்த்தியே மனதுக்கு மருத்துவம் செய்தார். அவருடைய மாணவர் அலெக்சாண்டர் லோவன் இதை 'பயோ எனர்ஜெடிக்ஸ்' என்ற முறையாக வளர்த்தார்.

1939-ல் அமெரிக்கா சென்றதும் பாதை மாறியது. 'ஆர்கோன்' என்ற உயிராற்றல் எங்கும் நிறைந்திருப்பதாகச் சொல்லி, அதைச் சேமிக்க உள்ளே உலோகத் தகடு பதித்த பெட்டிகளைச் செய்தார். புற்றுநோயாளிகளையும் அதற்குள் உட்காரவைத்தார். பெட்டியின் மேல் வெப்பம் சற்றுக் கூடுதலாக இருப்பதை 1941-ல் ஐன்ஸ்டைனிடம் காட்டினார். ஐன்ஸ்டைன் சோதித்துப் பார்த்து, அறையின் காற்றோட்டமே அதற்குக் காரணம் என்று விளக்கினார். ரைக் ஏற்கவில்லை.

1954-ல் நீதிமன்றம் பெட்டிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை விதித்தது. தடை மீறப்பட்டதால் 1956-ல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பெட்டிகள் உடைக்கப்பட்டன, அவருடைய புத்தகங்களும் எரிக்கப்பட்டன. புத்தகங்களை எரித்தது பெரும் தவறு. 1957 நவம்பர் 3-ல், 60 வயதில், சிறையிலேயே இறந்தார்.

உடலைக் கவனித்தவரை அவர் மருத்துவர். சோதனையின் முடிவை ஏற்க மறுத்தபோது, அவரை நம்பிய நோயாளிகளுக்கே அது ஆபத்தானது. இன்றும் 'எனர்ஜி ஹீலிங்' விளம்பரங்களைப் பார்க்கிறோம். மூச்சுப்பயிற்சி, தளர்வுப் பயிற்சி தாராளமாகச் செய்யலாம். ஆனால், யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.